போர்ட்டில் எட்டு பிட், பேனலில் மூன்று கான்டாக்டர்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைத்து ஏதாவது செய்ய ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே ஒரு மோட்டாரில் வந்து நிற்பார்கள். தோட்டத்துப் போர் மோட்டாராக இருக்கலாம், பல்லடம் பக்கத்து ஆட்டோ லூமாக இருக்கலாம், பனியன் கம்பெனி நிட்டிங் மெஷினாக இருக்கலாம். கல்லூரி லேபில் ஒரு பிட் தப்பாகப் போனால் எல்ஈடி எரியாது, அவ்வளவுதான். இங்கே அதே பிட் ஒரு ரிலேயை (சின்ன மின்காந்த சுவிட்ச்) பிடித்து, அந்த ரிலே 415 வோல்ட் கான்டாக்டரை (மோட்டாருக்கு சப்ளை கொடுக்கும் பெரிய சுவிட்ச்) பிடித்து, அதற்குப் பின்னால் 10 எச்பி மோட்டார் ஒன்று காத்திருக்கிறது. அதனால் பேரலல் போர்ட்டுக்கு நிரல் எழுதுவது எப்படி என்பதை, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் குறைந்த வோல்ட்டில் கிளப்பி, பிறகு முழு வோல்ட்டுக்கு மாற்றுவது) ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு விலாவாரியாகப் பேசலாம் என்று தோன்றியது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐசியின் ஒரு காலை, அதாவது அதிலிருந்து வெளியே நீளும் ஒரு முனையை, ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நாம் எதுவும் எழுதாமல் இருக்கும் நேரத்தில், அதாவது கரண்ட் வந்த முதல் நொடியில், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும் இடைவெளியில், இரண்டு கட்டளைகளுக்கு நடுவில், அந்தக் காலில் என்ன இருக்கிறது என்று யோசித்து எழுதுவதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

முதலில் அடிப்படை. போர்ட் என்பது புராசஸர் ஒரு முகவரி போட்டு எழுதவும் படிக்கவும் முடிகிற ஒரு ரெஜிஸ்டர். மெமரியில் இருக்கும் மற்ற இடங்களிலிருந்து அது வேறுபடுவது, அதன் ஒவ்வொரு பிட்டிலிருந்தும் ஒரு கம்பி ஐசிக்கு வெளியே வருகிறது என்பதில் மட்டும். ஒவ்வொரு காலுக்கும் பின்னால் மூன்று சங்கதிகள் உண்டு: நாம் எழுதியதைப் பிடித்து வைத்திருக்கும் லாட்ச், காலில் இந்த நிமிஷம் உண்மையில் இருக்கும் வோல்ட்டைப் பார்த்துச் சொல்லும் வாசல், அந்தக் கால் உள்ளே கேட்கிறதா வெளியே தள்ளுகிறதா என்று முடிவு செய்யும் திசை பிட். இந்த மூன்றும் தனித்தனி என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு சிப்பும் இந்த மூன்றையும் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தும் பிரித்தும் வைத்திருக்கிறது.

ஏடிமெகா328பி (ஆர்டுயினோ யூனோவில் இருப்பது) மூன்றையும் மூன்று ரெஜிஸ்டராகவே கொடுத்துவிடுகிறது. 'டிடிஆர்' திசைக்கு, 'போர்ட்' லாட்ச்சுக்கு, 'பின்' காலைப் படிக்க. டிடிஆரில் 1 என்றால் வெளியீடு. பிக் 16எஃப்877ஏ-வில் திசைக்கு 'டிரிஸ்' என்று ஒன்று இருக்கிறது, அங்கே 1 என்றால் உள்ளீடு, 0 என்றால் வெளியீடு, அப்படியே தலைகீழ். அதோடு லாட்ச்சைத் தனியாகப் படிக்க அதில் வழியே இல்லை. 8051-ல் திசை பிட்டே கிடையாது. காலில் 1 எழுதினால் ஒரு மெல்லிய புல்-அப் மட்டும் அதை மேலே இழுத்துப் பிடித்திருக்கும், வெளியிலிருந்து யாராவது கீழே இழுத்தால் 0 என்று படிக்கும், அதனால் உள்ளீடாகப் பயன்படுத்த வேண்டும் என்றால் முதலில் 1 எழுத வேண்டும். அதன் போர்ட் 0-வுக்கு அந்தப் புல்-அப்பும் இல்லை, நாம்தான் வெளியே ரெசிஸ்டர் போட வேண்டும். எஸ்டிஎம்32-வில் இன்னொரு படி கூடுதல்: அந்தப் போர்ட்டுக்கே கிளாக்கைத் திறந்துவிடவில்லை என்றால் என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. புதிதாக வருகிறவர்கள் வயரிங்கையும் நிரலையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு சாயங்காலத்தையே தொலைக்கிற இடம் இது.

சரி, இப்போது ஸ்டார்ட்டர். மூன்று கான்டாக்டர்கள்: மெயின், ஸ்டார், டெல்டா. பிட் 0 மெயின், பிட் 1 ஸ்டார், பிட் 2 டெல்டா என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் கிளம்பும்போது மெயினும் ஸ்டாரும் சேர்ந்து பிடிக்க வேண்டும், போர்ட்டில் 00000011. அப்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 415 வோல்ட்டுக்குப் பதிலாக 240 வோல்ட்தான் கிடைக்கும், லைனில் இழுக்கும் கரண்ட் நேரடியாக டெல்டாவில் போட்டால் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். சில நொடிகளில் வேகம் ஏறியதும் ஸ்டாரை விட்டுவிட்டு டெல்டாவைப் பிடிக்க வேண்டும், 00000101. ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டால் மூன்று பேஸும் ஒன்றோடு ஒன்று நேராக மோதும், அது முழு ஷார்ட் சர்க்யூட்.

போர்ட்டில் எழுதுவதால் எட்டு பிட்டும் ஒரே கணத்தில் மாறும், அதனால் 00000011-லிருந்து 00000101-க்கு நேராகத் தாவினால் இரண்டும் சேர்ந்து 1 ஆக இருக்கும் கணமே இல்லை என்று ஒருவர் வாதிடலாம். சிலிக்கானுக்குள் அது உண்மை. ஆனால் பிட் மாறுவது நானோசெகண்டில் நடக்கும். கான்டாக்டரின் இரும்பு நகர்வது பத்து, இருபது மில்லிசெகண்ட் கணக்கில், அதிலும் விடும் நேரமும் பிடிக்கும் நேரமும் சமமாக இருக்காது, முனைகளுக்கு நடுவில் வில் போல எரியும் தீப்பொறி அணையவும் நேரம் வேண்டும். அதனால் நடுவில் 00000001 என்று, மெயின் மட்டும் இருக்கும் ஒரு நிலை கட்டாயம் வேண்டும், 50-லிருந்து 100 மில்லிசெகண்ட் வரை. இதற்கு மேல், ஸ்டார் கான்டாக்டரின் என்சி துணை முனை (கான்டாக்டர் விட்டிருக்கும்போது மூடியிருப்பது) வழியாகத்தான் டெல்டா காயிலுக்கு (கான்டாக்டரின் இரும்பை இழுக்கும் கம்பிச்சுருள்) சப்ளை போக வேண்டும், அதேபோல டெல்டாவின் முனை வழியாக ஸ்டாருக்கு. நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த இன்டர்லாக் வயரை எடுத்துவிடக் கூடாது. 'சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அந்த இரண்டு வயரை மிச்சம் பிடிக்கிறவர்களோடு எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

இனி கரண்ட் வந்த முதல் நொடி. ரீசெட் ஆனதும் 8051-ன் நான்கு போர்ட்டுகளும் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் எழும். நாம் '1 என்றால் ரிலே ஆன்' என்று யுஎல்என்2803 (காலின் சின்னக் கரண்டைப் பெருக்கி ரிலேயை ஓட்டும் ஐசி) வழியாக வயர் செய்திருந்தால், நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே மூன்று ரிலேக்கும் 'பிடி' என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் புல்-அப் கொடுக்கும் கரண்ட் மிகக் குறைவுதான், ஆனால் அந்த ஐசிக்குள் இருக்கும் டார்லிங்டன் டிரான்சிஸ்டர் ஜோடி அதை ஆயிரம் மடங்கு வரை பெருக்கும், ரிலே துடிக்க அது போதுமானதாகிவிடலாம். அதனால் 8051 போர்டில் ரிலேயை '0 என்றால் ஆன்' என்று வயர் செய்வது பழைய ஆட்களின் வழக்கம், நல்ல வழக்கம். ஏவிஆரில் (ஏடிமெகா இந்தக் குடும்பம்தான்) கதை வேறு: ரீசெட்டில் எல்லாக் கால்களும் உள்ளீடாக, எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் மிதக்கும். யுஎல்என்2803-க்கு உள்ளேயே கீழே இழுக்கும் ரெசிஸ்டர்கள் இருப்பதால் அங்கே மிதந்தாலும் ஆஃப்தான். ஆனால் அதே காலை நேராக ஒரு மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கேட்டில் கொடுத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே முடியாது, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்குப் போட்டே ஆக வேண்டும்.

கடைகளில் ஒப்டோகப்ளரோடு (சிக்னலை ஒளி வழியாக மட்டும் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பது) கிடைக்கும் எட்டு ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை '0 என்றால் ஆன்' வகை. இதை ஏவிஆரோடு இணைக்கும்போது வரிசை முக்கியமாகிறது. ரீசெட்டில் லாட்ச் 0. நாம் முதலில் டிடிஆரில் 1 எழுதி வெளியீடாக்கினால் கால் உடனே 0-வுக்குப் போகும், ரிலே போர்டுக்கு அது 'ஆன்'. இரண்டு வரிக்கு நடுவில் சில மைக்ரோசெகண்ட்தான் என்றால் ரிலே அசையாது, அது மூடவே ஐந்து பத்து மில்லிசெகண்ட் ஆகும். ஆனால் நிஜத்தில் எழுதப்படும் நிரல்களில் திசையை மேலே ஓரிடத்தில் அமைத்துவிட்டு, அப்புறம் எல்சிடியைத் துவக்கி, அதற்குள் நிறுத்தங்கள் போட்டு, வரவேற்புச் செய்தி எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில்தான் ரிலே காலுக்கு 1 எழுதுவார்கள். அந்த ஒன்றிரண்டு நொடி முழுக்க எல்லா ரிலேயும் பிடித்திருக்கும். மருந்து எளிது: லாட்ச்சில் 1 எழுதிவிட்டுப் பிறகு திசையைத் திருப்புங்கள். நடுவில் கால் புல்-அப்போடு இருக்கும் உள்ளீடாக ஒரு கணம் இருக்கும், அது ரிலேயை ஒன்றும் செய்யாது.

8255 என்ற போர்ட் ஐசியில் இந்த மருந்து வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். 8085 புராசஸர் கிட்டோடு லேபில் பார்த்திருப்பீர்கள்: நாற்பது கால், ஏ, பி, சி என்று மூன்று போர்ட், மொத்தம் 24 கம்பி. கன்ட்ரோல் வார்த்தையாக 10000000 எழுதினால் எல்லாம் வெளியீடு, 10011011 எழுதினால் எல்லாம் உள்ளீடு. அந்தக் கன்ட்ரோல் வார்த்தையை எழுதிய உடனே வெளியீட்டு லாட்ச்கள் எல்லாம் 0 ஆகிவிடும், முன்கூட்டியே 1 வைத்துவிட்டு வர முடியாது. ஆகவே 8255-க்கு '1 என்றால் ஆன்' வயரிங்தான் பொருந்தும், 8051-க்கு நேர் எதிர். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மோடை மாற்றினாலும் வெளியீடுகள் எல்லாம் விழுந்துவிடும், ஆகவே ஒரு போர்ட்டின் திசையை மாற்றப் போய் இன்னொரு போர்ட்டில் ஓடும் மோட்டார் நிற்கும். ஒற்றை பிட்டை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் போர்ட் சி-க்கு மட்டும் அந்த வசதி உண்டு, கன்ட்ரோல் வார்த்தையின் மேல் பிட்டை 0 ஆக்கி எழுத வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போர்ட் சி-யைத் தேர்ந்தெடுக்க அது நல்ல காரணம்.

ஒரே போர்ட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும்போது வருவது அடுத்த சிக்கல். கால்கள் பற்றாமல் மேல் நான்கு பிட்டில் 16 எழுத்து இரண்டு வரி எல்சிடியின் தரவுக் கம்பிகளையும், கீழ் நான்கு பிட்டில் ரிலேகளையும் வைப்பது சகஜம். எல்சிடிக்கு எழுதும் துணைநிரலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் அது முழு எட்டு பிட்டையும் எழுதிவிடும், ஒவ்வொரு எழுத்துக்கும் ரிலேக்கள் ஆடும். போர்ட்டின் இப்போதைய மதிப்பை 00001111-ஓடு 'அண்ட்' செய்து கீழ்ப் பாதியைக் காப்பாற்றி, புதிய மேல் பாதியை 'ஆர்' செய்து எழுத வேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாதது, இந்தப் 'படி, மாற்று, எழுது' மூன்றும் மூன்று தனிக் கட்டளைகள் என்பதும், நடுவில் ஒரு இன்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்திவிட்டு வேறொரு அவசரத் துணைநிரலை ஓடவிடும் அழைப்பு) புகுந்துவிடலாம் என்பதும்.

ஸ்டார்ட்டரில் அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். மோட்டார் ஸ்டாரில் ஓடுகிறது, போர்ட்டில் 00000011. முதன்மை நிரல் ஸ்டாரை விடுவதற்காகப் போர்ட்டைப் படிக்கிறது, ஸ்டார் பிட்டை அழித்து 00000001 என்று கணக்குப் போட்டுவிட்டது, இன்னும் எழுதவில்லை. அந்த நேரம் பார்த்து ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் திறந்துகொள்வது) டிரிப் ஆகிறது, இன்டரப்ட் வருகிறது, அது பொறுப்பாக 00000000 எழுதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரும்புகிறது. திரும்பியதும் முதன்மை நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கையில் வைத்திருந்த 00000001-ஐ எழுதுகிறது. மெயின் கான்டாக்டர் மறுபடி பிடிக்கிறது. டிரிப்பும் ஆனது, கன்ட்ரோலர் அதைக் கவனிக்கவும் செய்தது, ஆனாலும் சப்ளை மோட்டார் முனைக்கு வந்து நிற்கிறது. மேஜையில் வைத்து ஆயிரம் தடவை ஓட்டினாலும் இது வராது, இரண்டு நிகழ்ச்சியும் அந்த ஒரு மைக்ரோசெகண்ட் சன்னலில் சந்திக்க வேண்டும். தோட்டத்தில் வருஷக் கணக்கில் ஓடும் பேனலில் என்றாவது ஒரு நாள் சந்திக்கும். பாதுகாப்பு நிறுத்தத்துக்கு ஓவர்லோடு ரிலேயின் முனையை நேராகக் காயில் சர்க்யூட்டில் தொடராகப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏவிஆரில் முதல் 32 முகவரிக்குள் இருக்கும் போர்ட்டுகளில் ஒற்றை பிட்டை ஏற்றவும் இறக்கவும் 'எஸ்பிஐ', 'சிபிஐ' என்று தனிக் கட்டளை உண்டு, அதை எந்த இன்டரப்ட்டும் நடுவில் வெட்ட முடியாது. சி மொழியில் ஒரு பிட்டை அழிக்கும் வரியைக் கம்பைலர் பெரும்பாலும் அந்தக் கட்டளையாகவே மாற்றித் தரும். ஆனால் ஆர்டுயினோ மெகாவில் இருக்கும் ஏடிமெகா2560-ல் எச், ஜே, கே, எல் என்ற நான்கு போர்ட்டுகள் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. யூனோவில் பத்திரமாக ஓடிய அதே வரி, மெகாவில் போர்ட் எல்-க்கு மாற்றியதும் மூன்று கட்டளையாக உடைந்துவிடும். அங்கே எழுதும் முன் இன்டரப்ட்டை நிறுத்தி, எழுதியபின் முன்பிருந்த நிலைக்குத் திருப்ப வேண்டும். ஆர்டுயினோவின் 'டிஜிட்டல்ரைட்' இதை உள்ளுக்குள் தானே செய்துகொள்கிறது, அதற்காக அதற்கு நன்றி சொல்லலாம். விலையாகச் சில மைக்ரோசெகண்ட் எடுத்துக்கொள்ளும், நேரடிக் கட்டளை 16 மெகாஹெர்ட்ஸில் 125 நானோசெகண்டில் முடிந்துவிடும். ரிலேக்கு இந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை. எஸ்டிஎம்32-காரர்கள் இதை வன்பொருளிலேயே தீர்த்துவிட்டார்கள்: 'பிஎஸ்ஆர்ஆர்' என்ற 32 பிட் ரெஜிஸ்டரின் கீழ்ப் பாதியில் 1 எழுதினால் அந்தக் கால் ஏறும், மேல் பாதியில் எழுதினால் இறங்கும், 0 எழுதிய இடத்தில் எதுவும் மாறாது. படிக்கவே வேண்டாம் என்பதால் இந்தப் பிரச்சினையே எழாது. போர்ட் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பிக் 16எஃப்877ஏ-வில் இன்டரப்ட் இல்லாமலே இதே மாதிரி ஒன்று நடக்கும். அங்கே ஒரு பிட்டை ஏற்றும் கட்டளை, போர்ட் முழுவதையும் காலிலிருந்து படித்து, ஒரு பிட்டை மாற்றி, எட்டையும் திருப்பி எழுதுகிறது. லாட்ச்சில் 1 இருந்தும், சுமை அதிகமாகி ஒரு காலின் வோல்ட் கீழே இழுபட்டிருந்தால் அது 0 என்று படிக்கப்படும், அதுவே லாட்ச்சில் எழுதப்பட்டும் விடும். நாம் தொட்டது பிட் 0-வை, விழுந்தது பிட் 5. மெமரியில் ஒரு நகலை வைத்துக்கொண்டு அதில் மாற்றி, முழு பைட்டாகப் போர்ட்டில் எழுதுவதுதான் வழி. பிக்18 வரிசையில் லாட்ச்சுக்கே 'லாட்' என்று தனி ரெஜிஸ்டர் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளீட்டுப் பக்கம் இன்னும் சுவாரசியமானது, மூன்று பேஸைக் கவனிப்பதை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பேஸையும் ரெசிஸ்டர் வழியாக ஒரு ஒப்டோகப்ளருக்குக் கொடுத்து, நியூட்ரலை மறுமுனையாக வைத்து, அதன் வெளியீட்டை ஒரே போர்ட்டின் மூன்று கால்களில் சேர்க்கிறோம். (ரெசிஸ்டரை வாட் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் பலவற்றின் வோல்ட் எல்லை 250 தான், 240 வோல்ட் ஏசியின் உச்சம் 340-ஐத் தொடும், ஆகவே இரண்டு மூன்றைத் தொடராகப் போட வேண்டும். ஒப்டோவின் எல்ஈடிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடும் தேவை.) பேஸ் பாசிட்டிவ் பாதியில் இருக்கும்போது அதன் பிட் 1 என்று, ஒப்டோ தலைகீழாக்குவதை நிரலில் திருத்திய பிறகு, எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸையும் சேர்த்து ஒரே வாசிப்பில் படித்தால் 101, 100, 110, 010, 011, 001 என்று ஆறு நிலைகள் வரிசையாக வந்து மறுபடி 101-க்குத் திரும்பும். ஒவ்வொன்றும் 3.33 மில்லிசெகண்ட் நிற்கும். ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை போர்ட்டைப் படித்தால் ஒவ்வொரு நிலையும் மூன்று நான்கு தடவை கண்ணில் படும்.

இந்த மூன்று பிட்டிலேயே எவ்வளவோ தெரிந்துவிடுகிறது. வரிசை தலைகீழாக ஓடினால் லைனில் யாரோ பேஸை மாற்றிவிட்டார்கள், டிரான்ஸ்பார்மர் வேலைக்குப் பிறகு நடப்பதுதான். சப்மெர்சிபிள் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும், தண்ணீர் கொஞ்சமாக வரும், போரில் தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 000 தொடர்ந்து எட்டிப் பார்த்தால் ஒரு பேஸ் போய்விட்டது. மூன்று பிட்டையும் ஒரே கணத்தில் பிடித்தால்தான் இதெல்லாம் நம்பகமாக வரும். மூன்று காலைத் தனித்தனியாக, நடுவில் வேறு வேலை செய்துகொண்டு படித்தால் வராத நிலை எல்லாம் வந்ததாகத் தெரியும். பேரலல் போர்ட் என்று ஒன்று இருப்பதன் பயன் இங்கேதான் கண்கூடாகத் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரே அந்த முனையில் வோல்ட்டை உண்டாக்கித் திருப்பி அனுப்பும், மூடியிருக்கும் கான்டாக்டர் வழியாக அது நம் ஒப்டோவுக்கும் வந்துவிடும். மூன்று பேஸும் இருப்பதாகவே போர்ட் சொல்லும், உள்ளே வைண்டிங் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் ஓட்டத்தில் காப்பாற்ற கரண்ட் டிரான்ஸ்பார்மர் (லைனில் ஓடும் கரண்டை அளக்க உதவுவது) வைத்துக் கரண்டைத்தான் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் சோதிக்கப் போர்ட் வாசிப்பு, ஓடும்போது கரண்ட் என்று பிரித்துக்கொள்வது சரியாக இருக்கும்.

சுவிட்ச், ஃப்ளோட், லிமிட் போன்ற உள்ளீடுகள் பிடிக்கும்போது சில மில்லிசெகண்ட் குதிக்கும். எட்டையும் ஒன்றாகக் கையாளலாம்: ஐந்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை போர்ட்டைப் படித்து, நான்கு தடவை தொடர்ந்து ஒரே மாதிரி இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வது. ஏற்றுக்கொண்ட புதிய பைட்டைப் பழையதோடு 'எக்ஸ்ஆர்' செய்தால் எந்தெந்த பிட் மாறியது என்று ஒரே கட்டளையில் வந்துவிடும், அதைப் புதியதோடு 'அண்ட்' செய்தால் எது புதிதாக ஏறியது என்றும். ஆட்டோ லூமில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்து, அதில் தொங்கும் டிராப் பின் என்ற உலோகத் தகடு விழுவதைப் படிக்கிறவர்கள் இந்த வடிகட்டும் நேரத்தைத் தறியின் வேகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 300 ஊடை (குறுக்கு நூல்) ஓடும் தறியில் ஒரு ஊடைக்கு 200 மில்லிசெகண்ட், 20 மில்லிசெகண்ட் காத்திருப்பதில் துணி கெடாது.

எட்டு போதாத இடமும் உண்டு. எலக்ட்ரானிக் ஜக்கார்டில் (உருவம் நெய்யப் பாவு நூல்களைக் கொக்கிகளால் தனித்தனியாகத் தூக்கும் கருவி) 2688 கொக்கி என்றால் 336 பைட். அத்தனை காலை எந்த ஐசியும் தராது, அதனால் ஷிப்ட் ரெஜிஸ்டர்களைச் சங்கிலியாகக் கோத்து ஒவ்வொரு பிட்டாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு லாட்ச் துடிப்பில் எல்லா வெளியீட்டையும் ஒன்றாக மாற்றுகிற முறைதான் கை கொடுக்கும். ஒரு மெகாஹெர்ட்ஸில் தள்ளினால் மூன்று மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். தள்ளும்போது நடக்கும் எதுவும் கொக்கிக்குத் தெரியாது என்பதுதான் அந்த லாட்ச்சின் வேலை.

கால் எவ்வளவு சுமக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏடிமெகா328பி-யில் ஒரு காலுக்கு உச்ச எல்லை 40 மில்லிஆம்பியர், ஐசி மொத்தத்துக்கும் 200. சின்ன ஐந்து வோல்ட் ரிலே ஒன்றே 70 கேட்கும். யுஎல்என்2803-ல் எட்டு வழி இருக்கிறது, ஒரு போர்ட்டுக்கு ஒரு ஐசி என்று சரியாகப் பொருந்தும், காயில் எதிர்த்து அடிக்கும் வோல்ட்டைத் தாங்கும் டயோடும் உள்ளேயே உண்டு. அந்த டயோடுகளின் பொதுக் காலை ரிலே சப்ளையில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஸ்னப்பரையும் (காயில் கிளப்பும் வோல்ட் துள்ளலை அடக்குவது) போட்டுவிட்டால், கான்டாக்டர் விடும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆவது பெருமளவு நின்றுவிடும்.

போர்ட்டில் 1 எழுதியாகிவிட்டது, காலைத் திரும்பப் படித்தாலும் 1 வருகிறது. அதனால் கான்டாக்டர் பிடித்துவிட்டது என்று ஆகாது. காயில் எரிந்திருக்கலாம், முனைகள் ஒட்டிப்போய் ஸ்டார் விடாமலே இருக்கலாம். ஒவ்வொரு கான்டாக்டரின் துணை முனையையும் ஒரு உள்ளீட்டுக் காலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார் பிட்டை அழித்த பிறகு அந்தத் துணை முனை 'விட்டுவிட்டேன்' என்று சொன்னால் மட்டும் டெல்டாவை எழுதுவது, 200 மில்லிசெகண்டில் சொல்லவில்லை என்றால் மெயினையும் விட்டுவிட்டுப் பிழை விளக்கைப் போடுவது என்று எழுதுங்கள். அப்போது நடுவில் வைத்த அந்த 50 மில்லிசெகண்ட் வெறும் குருட்டுக் காத்திருப்பாக இல்லாமல் சோதனையாகிவிடும்.

'ஏனுங்க, கரண்டு வந்தா தானா ஓடிக்குமுங்களா?' என்பதுதான் தோட்டத்துக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது எழுந்து போய் மோட்டார் போட யாருக்கும் விருப்பம் இருக்காது, அது நியாயம்தான். ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் விழுந்து எதுவும் ஒழுங்காகக் கிளம்பாது. இதற்கு நான்கு பிட் டிப் சுவிட்ச் ஒன்றை உள்ளீட்டுக் கால்களில் போட்டு, உள்ளே இருக்கும் புல்-அப்பை ஏற்றி, மூடிய சுவிட்ச் 0 என்று படிக்கும் என்பதால் பைட்டைத் தலைகீழாக்கி, மேல் பாதியை மறைத்து எடுத்தால் 0-லிருந்து 15 வரை ஒரு எண் கிடைக்கும். அதை 10 நொடியால் பெருக்கி அவ்வளவு நேரம் பொறுத்துக் கிளம்பச் சொல்லலாம், பக்கத்துத் தோட்டத்துப் பேனலில் வேறு எண். புல்-அப்பை ஏற்றிய அடுத்த கட்டளையிலேயே படிக்காதீர்கள், அது 20-லிருந்து 50 கிலோ ஓம் வரை இருப்பதால் கம்பியை மேலே இழுக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், சில மைக்ரோசெகண்ட் விட்டுப் படியுங்கள். வாட்ச்டாக் (நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் மறுபடி தொடங்கவைக்கும் டைமர்) போர்டை ரீசெட் செய்தாலும் இதே வழியாகத்தான் நிரல் மறுபடி வரும், அதனால் பொறுக்கும் நேரம் முடிவதற்குள் மூன்று பேஸும் வரிசையாக இருக்கின்றனவா, மூன்று கான்டாக்டரும் விட்டிருக்கின்றனவா என்ற சோதனையை முடித்துவிட்டு, அதன் பிறகே முதல் 00000011-ஐ எழுதுங்கள்.